மூன்று கூட்டி எழுதிய நோட்டு

எங்கள் ஊரில் ஒருவன் "கொஞ்சம் வலிக்குது" என்று சொன்னால் அவனை உடனே வண்டியில் ஏற்ற வேண்டும். "பரவாயில்ல" என்றால் காபி குடித்துவிட்டு ஏற்றலாம். "ஒண்ணுமில்ல" என்று சொன்னால்தான் பாதிரியாருக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஃபின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் செப்புச் சுரங்கம் தோண்ட வந்த தாத்தாக்கள் எங்களுக்கு விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். ஆர்னி ஹூட்டலாவின் அப்பா ஒருமுறை ரம்பத்தில் விரலைக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு வந்து மத்தியானச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, டாக்டர் வீட்டுப் பக்கம் யாராவது போவதாக இருந்தால் தானும் கூட வரலாமா என்று கேட்டாராம். இதை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஆர்னி அந்த அப்பாவுக்குப் பிறந்தவன். மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சங்கிலி அறுந்து ஒரு மேப்பிள் மரம் உருண்டு அவனுடைய இடது பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு நான்கு மாதத்தில் கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. காயம் ஆறிவிட்டது என்ற செய்தி நரம்புக்குப் போய்ச் சேரவில்லை, அது பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். போர்வை பட்டால் எரியும். காலுறை போட முடியாது. யாராவது வேகமாக நடந்து தரை அதிர்ந்தால் அவன் முகம் வெளுத்துப்போகும். கோடையில் மின்விசிறியைப் போட்டால் அந்தக் காற்றே பாதத்தைத் தோலுரிக்கும்.

அவன் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளை ஒரு சத்தத்தில் வரிசையில் நிறுத்துகிற தொண்டை. அவள் சிரித்தால் தபால் ஆபீஸ்வரை கேட்கும். அப்படிப்பட்டவள் வேலையை விட்டாள், குதிகாலைத் தூக்கி நடக்கப் பழகினாள். பாத்திரத்தைப் பாத்திரத்தின் மேல் வைக்கும்போது நடுவில் துணி போடப் பழகினாள். துணி துவைக்கும் இயந்திரம் ஆடினால் தரை ஆடும் என்று வாரம் ஒருநாள் ஆர்னியின் தங்கை டோரீன் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போவாள். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடுவாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வரும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில், சுப்பீரியர் ஏரிக்கரை நகரத்தில் இருந்தது அந்த வலி மருத்துவமனை. அங்கே எதற்கெடுத்தாலும் ஒரே கேள்விதான்: பத்துக்கு எத்தனை? வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்குமேல் தாங்காது என்றால் பத்து. முதல் தடவை கேட்டபோது ஆர்னி கொஞ்ச நேரம் யோசித்து "நாலு இருக்கும்" என்றான். நான்குக்கு உரிய மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழியில், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், கதவைத் திறந்து வாந்தி எடுத்துவிட்டு அப்படியே நினைவில்லாமல் சாய்ந்தான். மார்லிஸ் அன்றைக்கு ஒரு பாடம் கற்றாள். புருஷன் சொல்கிற எண்ணோடு மூன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செவிலி ஜோலின் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினம் மூன்று வேளை எழுதச் சொன்னாள். அவன் நான்கு என்றால் இவள் ஏழு எழுதினாள். ஐந்து என்றால் எட்டு. அந்த எண்களைப் பார்த்து மருந்து கொடுத்தபோது ஆர்னி முதல்முறையாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினான். ஜோலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காட்டு ஆம்பளைகள் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க முடியாது, உங்கள் நோட்டுதான் எங்களுக்குக் கண் என்றாள். அதிலிருந்து நோட்டு மார்லிஸுடையது ஆகிவிட்டது. ஆர்னி அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சமையலில் அவன் தலையிடாதது மாதிரிதான் இதுவும். பதினோரு வருஷத்தில் முப்பத்தேழு நோட்டு.

நோட்டுக்கு ஒத்தாசையாக இன்னொன்றும் இருந்தது. மோதிரம். வலி ஏறும்போது ஆர்னி முனக மாட்டான். அவன் அப்பன் ஆவி வந்து அடிக்கும் என்று பயமோ என்னவோ. ஆனால் அவன் கை மட்டும் அவனுக்குத் தெரியாமலே கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டும். கல்யாண மோதிரம் இரும்பில் பட்டு டிங் என்னும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிங். இந்தச் சத்தத்துக்கு மார்லிஸ் எங்கே இருந்தாலும் ஓடுவாள். குளித்துக்கொண்டிருந்தால் சோப்போடு ஓடுவாள். அவன் சொன்ன எண்ணில் அவளுக்குச் சந்தேகம் வந்தால், கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். டிங் என்றால் மூன்றைக் கூட்டுவது சரி என்று அர்த்தம்.

போன அக்டோபரில் டாக்டர் ஒரு புதுச் செய்தி சொன்னார். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்தில் இரண்டு கம்பி வைத்து, மெல்லிய மின்சாரம் கொடுத்து, நரம்பின் அழுகையை மூளைக்குப் போகாமல் தடுக்கிற ஒரு கருவி. முதலில் ஒரு வாரம் ஒத்திகை. கம்பி மட்டும் உள்ளே, பெட்டி வெளியே இடுப்பில். அந்த ஒரு வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தால் நிரந்தரமாக உள்ளே வைப்பார்கள், காப்பீட்டுக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும். குறையாவிட்டால் இல்லை. இப்போது நோட்டில் எட்டு என்று இருக்கிறது, அது நான்குக்கு வர வேண்டும் என்றார். ஆர்னி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மான் வேட்டை தொடங்குவதற்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்டான். பதினோரு வருஷமாக அவன் வேட்டைக்காரர்கள் தங்கும் காட்டுக் குடிலுக்குப் போகவில்லை. கேட்கிற கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது என்று மார்லிஸுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

கம்பி வைத்த அன்று ஜோலின் அவன் உடம்பில் இருந்த உலோகத்தையெல்லாம் கழற்றச் சொன்னாள். பெல்ட், கழுத்துச் சங்கிலி, மோதிரம். சங்கிலியையும் மோதிரத்தையும் ஒரு சின்ன உறையில் போட்டு, ஒட்டி, பெல்ட்டோடு சேர்த்து மார்லிஸ் கையில் கொடுத்தாள். மார்லிஸ் உறையைக் கைப்பையின் ஓரத்தில் செருகினாள். பெல்ட்டை மட்டும் திரும்பும்போது எடுத்துக் கொடுத்தாள். உறையை மறந்துபோனாள்.

முதல் நாள் சாயங்காலம் எத்தனை என்று கேட்டாள். ஆர்னி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தன் பாதத்தையே, யாரோ வீட்டுக்குப் புதிதாக வந்தவனைப் பார்ப்பதுபோல், பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு" என்றான்.

அவள் ஆறு என்று எழுதினாள். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டிலிருந்து ஆறு என்பது சும்மாவா.

இரண்டாம் நாள் காலையில் அவன் "ரெண்டு" என்றான். அவள் நோட்டை எடுக்கத் திரும்பியபோது மறுபடி கூப்பிட்டான்.

"மார்லி. நெஜ ரெண்டு."

அவள் நின்றாள். அவன் எதையும் இரண்டு தடவை சொல்கிறவன் இல்லை. நல்லாயிருக்கிறேன் என்று இப்படி அழுத்திச் சொன்னது ஒரே ஒரு தடவைதான், டோரீன் மகள் கல்யாணத்தில். அன்றைக்கு இரண்டு பாட்டுக்கு நின்று ஆடினான். பிறகு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். இவன் அழுத்திச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. சமையலறைக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து, மெதுவாக, டிங்.

ஐந்து என்று எழுதினாள்.

அந்த வாரம் முழுக்க இப்படித்தான் போனது. மூன்றாம் நாள் உள்ளே போய்ப் பார்த்தால், பதினோரு வருஷமாக அந்த அறைக்குள் விடப்படாத கிழட்டுப் பூனை அவன் இடது பாதத்தின் மேலேயே தலைவைத்துப் படுத்திருந்தது. மார்லிஸுக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து பூனையைத் தூக்கினாள். ஆர்னி இருக்கட்டும் விடு என்றான். விடவில்லை. எனக்காக நடிக்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு பூனையைச் சுமக்கிறான் என்று நினைத்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம் பூனையை இறக்கிவிட்டு வரும்போது சுவருக்குப் பின்னாலிருந்து டிங், டிங் என்று இரண்டு தடவை கேட்டது. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் முதல் பனி விழுந்தது. அவள் குளியலறையில் இருந்தாள். டிங். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கட்டில் காலி. சட்டத்தில் கை இல்லை, ஆள் இல்லை, போர்வை ஒழுங்காக மடித்திருந்தது.  ஜன்னலுக்குப் போனாள். கொல்லையில், நீராவிக் குளியல் குடிசைக்கு முன்னால், ஆர்னி நின்றுகொண்டிருந்தான். கால்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தான். இரண்டு பாதமும் வெறும் பாதம். பனிக்குள் புதைந்திருந்தன.

ஒரு காலத்தில் சனிக்கிழமை தோறும் அந்தக் குடிசையில் கல்லைச் சூடேற்றி வேர்த்து, பிறகு அவளும் அவனும் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் ஓடிவருவார்கள். அவளுடைய சிரிப்பு தபால் ஆபீஸ்வரை கேட்டதெல்லாம் அப்போதுதான். அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல் தாங்காமல் பனியில் காலை மரத்துப்போக வைக்கிறான் என்றுதான் தோன்றியது. அன்றைக்கு அவன் ஒன்று என்று சொன்னான். அவள் ஐந்து எழுதினாள்.

கூட்டலில் ஒன்று கூடுதலாக விழுந்ததை அவளும் கவனித்தாள். கேட்ட சத்தம் கேட்டதுதானே என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் டோரீன் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். அண்ணன் எழுந்து வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றதைப் பார்த்து அவளுக்கு வாயடைத்துப்போனது. அவளுக்கு வாயடைத்தால் அது ஊருக்கே செய்தி.

"என்ன மார்லிஸ், உன் வேலைக்கு ஆபத்து வந்துடுச்சு போலிருக்கே" என்றாள் சிரித்துக்கொண்டே. "அடுத்த மாசம் இவன் உன்னைத் தேடிக்கிட்டு ஓடப்போறான் பாரு."

ஆர்னியும் சிரித்தான். டோரீன் போன பிறகு, டுலூத் நகரத்தில் இருக்கிற உன் அக்கா வீட்டில் ஒரு குளிர்காலம் தங்க வேண்டும் என்று நீ எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், இந்த வருஷம் போயிட்டு வா, என்னை நான் பார்த்துக்கொள்வேன் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.  ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தியைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது மார்லிஸுக்கு. அவன் சொன்ன எண் இரண்டு. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் சமையலறையில் நின்றாள். இந்தத் தடவை காத்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. டிங், டிங், டிங். ஆறு என்று எழுதினாள்.

எட்டாம் நாள் கம்பியை எடுக்கப் போனார்கள். ஜோலின் நோட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தாள். ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு. அவள் முகம் வாடியது. ஆர்னியிடம் திரும்பி, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"பரவாயில்ல" என்றான் ஆர்னி.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் அது நல்ல பதில் என்று நினைத்திருப்பாள். ஜோலின் எங்கள் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய மாமனாரும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மாரடைப்பில் போனார். அவள் பெருமூச்சு விட்டு, எட்டிலிருந்து ஐந்தரை என்பது பாதி இல்லை, காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆர்னி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறான் என்று தோன்றியது. ஆனால் டாக்டர் சொன்னதை எதிர்த்துக் கேட்பது அவன் பரம்பரையில் இல்லை. தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.  காரில் பாதி வழியில் அவன் மெதுவாகக் காலணியைக் கழற்றினான். இன்னும் கொஞ்ச தூரத்தில் காலுறையைக் கழற்றினான். அவன் காலுறை போட்டிருந்தான் என்பதையே மார்லிஸ் அப்போதுதான் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அவன் கட்டிலில் விழுந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாகப் பார்த்த முகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நெற்றி வெளுத்தது, மேலுதடு வேர்த்தது, கண் ஒரு புள்ளியில் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன ஏழு நாளில் ஒரு நாள்கூட இந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. சமையலறையில் நின்று காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கை சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தது. அவள் அந்தக் கையையே பார்த்தாள். விரல் எழும்பியது, விழுந்தது. எழும்பியது, விழுந்தது. சத்தமே இல்லை. வெறும் சதை இரும்பில் படுகிற மொத்தென்ற சத்தம், அதுவும் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

"என் மோதிரம் எங்க?" என்றான் ஆர்னி, கண்ணைத் திறக்காமல்.

மார்லிஸ் எழுந்துபோய்க் கைப்பையைத் திறந்தாள். உறை ஓரத்தில் செருகியபடியே இருந்தது. ஜோலின் ஒட்டிய பசை பிரியவில்லை. வெளியே தேதியும் ஆர்னியின் பெயரும். கிழித்தாள். உள்ளே சங்கிலியும் மோதிரமும்.

ஏழு நாளும் அது இங்கே இருந்திருக்கிறது. அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் சுவருக்குப் பின்னால் தட்டியது எது? பூனையை இறக்கிவிட்டபோது, குளிக்கும்போது, காலிக் கட்டிலிலிருந்து, டுலூத் போய் வா என்று சொன்ன அன்று மூன்று தடவை, தட்டியது யார்? எங்கள் ஊரில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்தில் செத்தவர்கள் உளியால் தட்டுவார்கள் என்று சொல்வார்கள். அவர்கள் யாராவது வந்து தட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் மோதிரத்தை எடுத்துப் போய் அவன் விரலில் போடவில்லை. அவன் எதிரில் நின்றாள். சொல்லாமலே இருந்துவிடலாம். நோட்டை அவன் ஒருநாளும் திறக்கப்போவதில்லை. இதையும் அவள் யோசித்தாள். அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

"ஆர்னி. நீ சொன்ன நம்பரை நான் எழுதல" என்றாள். "மூணு கூட்டி எழுதினேன்."

அவன் கண்ணைத் திறந்தான். "எப்பவுமா?"

"பதினோரு வருஷமா."

அவன் யோசித்தான். வலிக்கு நடுவில் யோசிப்பது கஷ்டம், அதனால் நேரம் ஆனது. "அது சரிதான்" என்றான் கடைசியில். "நான் கொறச்சுத்தான் சொன்னேன்." பிறகு, "இந்த வாரமுமா?"

"இந்த வாரமும்."

"நெஜ ரெண்டுன்னு சொன்னேனே, மார்லி."

"சொன்னே."

"பொறகு?"

மோதிரச் சத்தத்தைச் சொன்னாள். மோதிரம் எங்கே இருந்தது என்பதையும் சொன்னாள். டுலூத் பேச்சு எழுந்த அன்றைக்கு நான்கு கூட்டியதையும் சொன்னாள். ஏன் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். அது பொய்யில்லை. பழக்கத்தில் எழுதினாளா, பயத்தில் எழுதினாளா, அவன் எழுந்து நடந்துவிட்டால் தான் யார் என்று தெரியாமல் எழுதினாளா? இத்தனை நாள் கழித்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கெட்ட மனசு இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அவள் நம்ப மாட்டாள்.

"இப்ப எத்தனை?" என்று கேட்டாள், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"எட்டு" என்றான் அவன். வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் மனசு தானாகவே கூட்டிப் பதினொன்று என்றது. பத்துக்குமேல் எண் கிடையாது.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவன் அவளோடு பேசவில்லை. எங்கள் ஊரில் நான்கு நாள் பேசாமல் இருந்தால் அதைக் கோபம் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மார்லிஸுக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் அவன் எதிரிலேயே மருத்துவமனைக்குப் போன் போட்டு ஜோலினிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.  இந்த நோட்டை நம்பச் சொன்னதே நான்தானே என்று ஜோலின் தழுதழுத்தாள். பிறகு டாக்டர் கடிதம் எழுதினார், காப்பீட்டுக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள், மறுபடி எழுதினார். ஏப்ரலில் இன்னொரு ஒத்திகை என்று முடிவானது. இரண்டு நிபந்தனை. எண்ணை நோயாளியே தன் கையால் எழுத வேண்டும். அந்த வாரம் மனைவி வீட்டில் இருக்கக் கூடாது.

மான் வேட்டைப் பருவம் வந்து போனது. அவன் போகவில்லை. வேட்டைக்குப் போகிறவர்களின் வண்டிகள் வீட்டைத் தாண்டும்போது அவன் ஜன்னல் திரையை இழுத்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் மார்லிஸ் சமையலறையில் நின்று அந்தத் திரைக் கம்பியின் சத்தத்தைக் கேட்டாள். அது நிஜமான சத்தம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் குதிகாலைத் தூக்கித்தான் நடந்தாள். மோதிரத்தை ஆர்னி திரும்பக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள், எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

ஏப்ரலில் டோரீன் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். மார்லிஸ் டுலூத்துக்குப் பஸ் ஏறினாள். அக்கா ஜூடித்தின் வீடு மூன்றாவது மாடி. கீழே தெரு, லாரிகள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தடதடவென்று மாடிப்படியில் ஓடுகிற சத்தம். ஒவ்வொரு அதிர்வுக்கும் மார்லிஸின் தோள் தூக்கிப்போட்டது. இங்கே யாருக்கும் வலிக்காது, நன்றாக மிதித்து நட என்று அக்கா திட்டினாள். மூன்று நாள் முயற்சி செய்து பார்த்தாள். அவளுக்கு நடக்கத் தெரியவில்லை.

நான்காம் நாள் மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. உள் அறையிலிருந்து டிங்.

கையைத் துடைக்காமலே நின்றாள். சோப்பு நுரைக்குள் கட்டைவிரலைப் பார்த்தாள். மோதிரம் அங்கேதான் இருந்தது. அசையவில்லை. உள் அறையில் இரும்புக் கட்டிலே கிடையாது, அக்காவுடையது மரக் கட்டில். டிங். அவள் போய்ப் பார்க்கவில்லை. போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே ஆர்னி எடுத்தான். பின்னால் டோரீன் யாரையோ விடாமல் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது, பூனையாக இருக்கலாம்.

"எத்தனை?" என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணு. ஒண்ணரைன்னு வெச்சுக்கோ." பென்சில் வைக்கிற சத்தம். "எழுதிட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மனசு கூட்டப்பார்த்தது. கூட்டவிடாமல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க அவளுக்கு இருந்த பலம் எல்லாம் தேவைப்பட்டது. உள்ளேயிருந்து மறுபடி டிங் என்றது. அவள் ஒண்ணரை என்று வாய்விட்டுச் சொன்னாள். "ஒண்ணரை" என்று அவனும் சொன்னான். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் போனில் இப்படிச் சும்மா நிற்பது புதிதல்ல. அவள் மூச்சு மட்டும் போயிருக்க வேண்டும் அவன் காதுக்கு. பதினோரு வருஷமாக அவள்தான் காது வைத்தவள். அவனுக்கும் காது இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"கேக்குதா அது?" என்று கேட்டான் ஆர்னி.

"ம்."

"இப்பவுமா?"

"ம்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "உனக்கு எத்தனை, மார்லி?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. முப்பத்தேழு நோட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. டாக்டர் கேட்டதில்லை, ஜோலின் கேட்டதில்லை, அவளே கேட்டுக்கொண்டதில்லை. நனைந்த கையால் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.  நுரை முழங்கைவரை வழிந்தது.

"மூணு இருக்கும்" என்றாள். "பரவாயில்ல."

 அந்தப் பக்கம் காகிதம் புரளுவது கேட்டது, பென்சில் எடுப்பது கேட்டது.

"சரி" என்றான் ஆர்னி. "ஆறுன்னு எழுதிக்கறேன்."